துரையப்பா மைதானத்தின் எழுதாத வருஷங்கள்

2016 ஜூன் 18. யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் நிற்கிறார். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புதுடில்லியிலிருந்து காணொளி வழியாக வருகிறார். புதுப்பித்த துரையப்பா விளையாட்டரங்கை இருவரும் திறந்து வைக்கிறார்கள். செலவு இந்திய ரூபாயில் 7 கோடிக்கு மேல், கொடுத்தது இந்திய அரசு. 1,850 பேர் இருந்து பார்க்கலாம். சர்வதேச யோகா தினம் நெருங்கியிருந்ததால் அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் புல்தரையில் யோகாசனமும் செய்தார்கள்.

அந்த நேரத்து அறிவிப்பில் ஒரு செய்தி ஓரமாகக் கிடந்தது: 1997 முதல் இந்த அரங்கு பாவனையில் இருக்கவில்லை. செலவுக் கணக்கையும் இருக்கைக் கணக்கையும் எல்லாரும் எழுதினார்கள். இதை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. எனக்கு இந்த மைதானத்தின் வரலாறே அந்த வரியில்தான் இருக்கிறது.

*

1997 தொடக்கம் 2016 வரை 19 வருஷம். 1990இல் பிறந்த பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாவனை நின்றபோது அதற்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. திறப்பு விழா நடந்தபோது 26. இல்ல விளையாட்டுப் போட்டி, வலயப் போட்டி, மாகாணப் போட்டி, அகில இலங்கைப் பாடசாலைப் போட்டி என்று ஒரு ஓட்டக்காரர் ஏறவேண்டிய படிகள் அத்தனையும் இந்த இடைவெளிக்குள் வந்து போய்விடும். நூறு மீற்றர் ஓடுகிறவருக்கு 26 வயதில் மிஞ்சியிருப்பது சில வருஷங்கள்தான். தொடங்கியே இருக்காதவருக்கு அதுவும் இல்லை.

பாவனையில் இல்லை என்றால் அந்த மண்ணில் ஒரு காலும் படவில்லை என்று அர்த்தமில்லை. மைதானம் உயிரோடு இருப்பது பின்னேரங்களில். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வரவேண்டும், பயிற்சியாளர் விசிலோடு நிற்கவேண்டும், புல் வெட்டுகிறவர் புல் வெட்டவேண்டும், கோடு போடுகிறவர் கோடு போடவேண்டும். எப்போதாவது ஒரு கூட்டமோ ஒரு விழாவோ நடந்துவிட்டால் அது பாவனை ஆகாது. ஒழுங்கான பின்னேரங்கள் போய்விட்டால் அந்த இடம் வெறும் வெளி.

*

பெயர். அல்பிரட் துரையப்பா. 1926இல் பிறந்தவர், சட்டத்தரணி. 1960 மார்ச் தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஜீ. ஜீ. பொன்னம்பலத்தை யாழ்ப்பாணத் தொகுதியிலேயே தோற்கடித்தவர். அதே வருஷம் ஜூலையில் மறுபடி வென்றார். 1965இல் பொன்னம்பலத்திடம் தோற்றார். மாநகர முதல்வராக இருந்தவர், பின்னாளில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண முகம். 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்களில் பின்னாளில் விடுதலைப் புலிகளின் தலைவராக இருந்த பிரபாகரன் ஒருவர். பிறகு வந்த முப்பத்துநாலு வருஷ யுத்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இந்தக் கொலையிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அவருடைய பெயர் வாசலில் இன்றும் இருக்கிறது. துரோகி என்று சொன்னவர்களும் இருந்தார்கள், எங்கள் மேயர் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு பதினாலு வயதுப் பிள்ளை "துரையப்பாவில மட்ச்" என்று சொல்லும்போது அதில் இரண்டு பக்கமும் இல்லை. அது ஒரு இடத்தின் பெயர், அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு நிம்மதியும் ஒரு கவலையும் சேர்ந்தே வருகின்றன. பகை கரைந்துவிட்டது, அது நல்லது. ஆனால் அந்த மனிதர் யார், ஏன் அவர் பெயர் இங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல மைதானத்தில் ஏதாவது இருக்கவேண்டாமா?

*

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடத்தை 1959 ஒக்டோபர் 11இல் திறந்து வைத்த முதல்வரும் துரையப்பாதான். சென்னையிலிருந்து வந்த நரசிம்மன் வரைந்த கட்டடம். எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1981 மே 31இலிருந்து ஜூன் 1 விடிய அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள்.

நூலகமும் விளையாட்டரங்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்று எரிந்ததை உலகம் அறியும். அதைப்பற்றிக் கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, படம் இருக்கிறது, ஆண்டுதோறும் நினைவுநாள் இருக்கிறது. மற்றது 19 வருஷம் ஓய்ந்து கிடந்ததற்கு ஒன்றுமில்லை. நூல் எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது, காட்டலாம். ஓடியிருக்கவேண்டிய ஒருவர் ஓடாமல் போனதற்கு எதைக் காட்டுவது? ஆனாலும் அதுவும் இழப்புத்தான். நாங்கள் படிப்பை இழப்பாக எண்ணுகிற சனம், விளையாட்டை அப்படி எண்ணிப் பழகவில்லை. யுத்தத்தில் குழம்பிய பரீட்சைகளை எல்லாரும் சொல்வார்கள். நடக்காமல் போன மெய்வல்லுநர் போட்டிகளைச் சொல்கிறவர் குறைவு.

*

அதே சுற்றாடலில்தான் யாழ் மத்திய கல்லூரி. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அங்கே படித்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான்.

1958 என்ற வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஆசியப் போட்டி மே கடைசியில் தொடங்கியது. அதே மே கடைசியில்தான் இலங்கையில் தமிழர்மீது கலவரம் நடந்தது. ஒரு தமிழ் இளைஞர் டோக்கியோவில் இலங்கைக் கொடியை ஏற்றவைத்த நாட்களில் இங்கே தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. இதை நான் பாடசாலையில் படிக்கவில்லை. உடற்கல்விப் பாடத்தில் எதிர்வீரசிங்கம் வந்தார், வரலாற்றுப் பாடத்தில் 1958 வரவில்லை.

*

1974 ஜனவரி. நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, யாழ்ப்பாணத்தில். கடைசி நாளான 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் சனம் திரண்டிருந்தது. பொலிஸ் உள்ளே நுழைந்தது, சுட்டதில் மின்கம்பி அறுந்து விழுந்தது, ஒன்பது பேர் அந்த இரவு போய்விட்டார்கள். அப்போது மாநகர முதல்வர் துரையப்பா. மக்களில் பலர் பழியை அவர் தலையிலும் போட்டார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பொன்னாலை.

வீரசிங்கம் மண்டபம், நினைவுத்தூபி, முற்றவெளி, கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், விளையாட்டரங்கு. எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில். ஊர் கூடுவதற்கென்று வைத்திருந்த வெளி முழுவதும் இந்த ஒரு மூலையில் இருக்கிறது. அதனாலேயே ஊருக்கு அடி விழும்போதெல்லாம் இந்த மூலையில் விழுந்தது. கோட்டையை யார் வைத்திருந்தாலும் அதன் வாய் இந்தப் பக்கம்தான். 1980களின் நடுவிலிருந்து 1990 வரை கோட்டைக்கும் நகரத்துக்கும் நடுவே சண்டை நடந்ததென்றால், அது இந்த வெளிக்கு மேலால்தான் நடந்தது.

*

1995ஐ நான் இப்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் தொடக்கம். கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு. தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வெல்கிறது. அந்தக் கிண்ணம் இலங்கைக்குக் கிடைத்தது அந்த ஒரே தடவைதான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். சனம் கொஞ்சம் மூச்சு விட்டது.

ஏப்ரல் 19, விடியப்புறம். எங்கள் மாவட்டத்துத் திருகோணமலைத் துறைமுகம். கடற்படையின் இரண்டு பீரங்கிப் படகுகள் வெடித்து மூழ்குகின்றன. மூன்றாம் ஈழப்போர் எங்கள் துறைமுகத்தில் தொடங்கியது.

ஒக்டோபர் 30, இரவு. வலிகாமம் முழுக்க ஒரே றோட்டில் தென்மராட்சிக்கு நடக்கிறது.

டிசெம்பர் 5. யாழ்ப்பாண நகரம் இராணுவத்திடம் வீழ்ந்ததாக அறிவிப்பு.

பிறகு 1997, பாவனையில் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்து துரையப்பா மைதானத்துக்குப் போகிற இந்தக் கோட்டை நான் வலிந்து கீறவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக நடந்தது அப்படித்தான்.

*

கோடு திரும்பியும் வருகிறது. ஏ9 பாதை மூடியிருந்த காலங்களில், அதாவது 2002க்கு முன்னரும், பிறகு 2006 ஓகஸ்டிலிருந்தும், யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக்குப் போவதென்றால் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலையில் இறங்கவேண்டும். பாஸ், பதிவு, பைச் சோதனை, பிறகு பஸ். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கப்பல் சனம் பழகிய காட்சி. மருந்து எடுக்க வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குப் போகிறவர்கள், கலியாணப் பெண்கள்.

அந்த வரிசையில் ஒரு பொடியனைக் கண்டது ஞாபகம். தோளில் துணிப்பை, பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்ட ஸ்பைக்ஸ் சப்பாத்து ஒரு சோடி. ஆணிகளைக் கழற்றித் தனியாக ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்தான், சோதனைக்காரருக்கு விளங்கப்படுத்த வசதியாக. அந்தப் போத்தலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். பன்னிரண்டு ஆணி. எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கப்பலில் சத்தி எடுத்து வெளிறிப்போயிருந்த முகம். இனிப் பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். அதற்குப் பிறகு கொழும்பில், தினமும் செயற்கை ஓடுபாதையில் ஓடிப் பழகியவர்களோடு ஓடவேண்டும். அவன் என்ன இடம் எடுத்தான் என்று கேட்பதில் நியாயமே இல்லை.

*

1999 ஏப்ரல். விளையாட்டரங்கைத் திருத்தும் வேலை நடக்கிறது. மண்ணைத் தோண்டியவர்களின் மண்வெட்டியில் எலும்புகள் பட்டன. மனித எலும்புக்கூடுகள்.

அதே வருஷம் ஜூனில் செம்மணி. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னதை வைத்துத் தோண்டினார்கள், 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்குத் தோண்டியபோது மறுபடி எலும்புகள். இருநூறைத் தாண்டியது எண்ணிக்கை. செம்மணியை எல்லாரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். துரையப்பா மைதானத்து எலும்புகளை யாரும் பேசுவதில்லை. புல் வளர்ந்துவிட்டது. கதிரை போட்டாயிற்று.

அந்த மண்ணில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளையாடத்தான் வேண்டும். செத்தவர்களுக்கும் அதில் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் கீழே இருந்தவர்களைப் பற்றி மேலே ஒரு எழுத்தாவது இருக்கவேண்டும்.

*

இப்படி வேறு ஊர்களிலும் இருக்கிறது. சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவில் உள்ள தேசிய விளையாட்டரங்கில்தான் 1962 உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த அரங்கையே சிறைச்சாலை ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். அந்த நவம்பர் 21இல் அங்கே உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி. சோவியத் அணி அந்த மண்ணில் ஆடமாட்டோம் என்று வரவே இல்லை. சிலி அணி மட்டும் இறங்கி, எதிரில் ஒருவரும் இல்லாத வெறும் கோலுக்குள் பந்தை அடித்தது.

பிறகு அரங்கைப் புதுப்பித்தபோது அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். பழைய மரப் பலகை இருக்கைகளில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்தார்கள். சுற்றிலும் புது இருக்கை, நடுவில் அந்தப் பழைய பலகைகள். அரங்கு நிறைந்த ஆட்டத்திலும் அங்கே ஒருவரும் இருப்பதில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறவர் கண்ணிலும் அந்த இடம் படும். கேட்பார்கள், யாராவது சொல்வார்கள்.

அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக் குரோக் பார்க். 1920 நவம்பர் 21, இங்கேயும் அதே திகதி. டப்ளினுக்கும் திப்பரரிக்கும் ஆட்டம். பிரித்தானியப் படைகள் உள்ளே புகுந்து சுட்டன. 14 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் ஆட்டக்காரர், மைக்கல் ஹோகன். பார்வையாளர் கூடம் ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள், இன்றும் அது ஹோகன் கூடம்தான். 2007இல் அதே மைதானத்தில் இங்கிலாந்து அணி றக்பி ஆட வந்தது, பிரித்தானிய தேசிய கீதம் ஒலித்தது, எண்பதாயிரம் பேர் அமைதியாக நின்று கேட்டார்கள். பிறகு அயர்லாந்து 43-13 என்று வென்றது. நடந்ததை மறைக்காமல் பெயர் சொல்லி எழுதி வைத்தவர்களால்தான் அப்படி அமைதியாக நிற்கவும் முடிந்தது என்பது என் எண்ணம்.

*

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினால், விளையாட்டரங்குக்குப் பக்கத்து முற்றவெளிக்கு என்று தனியாகக் கொஞ்சம். 2016 செப்டெம்பர் 24இல் 'எழுக தமிழ்' ஊர்வலம் அங்கே வந்து முடிந்தது. வருஷாவருஷம் வர்த்தகக் கண்காட்சி. 2024 பெப்ரவரியில் ஹரிகரனின் இசை நிகழ்ச்சி நடந்து, தடுப்பை உடைத்துச் சனம் உள்ளே பாய்ந்து, நிகழ்ச்சியை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. பெரிய கூட்டத்துக்கு முற்றவெளி இருக்கிறது. ஆகவே விளையாட்டரங்கைக் கூட்டத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை. பந்தல் கால் நட்ட குழியில் பிள்ளையின் கணுக்கால் மடங்கும், பாரவண்டி ஏறிய தரையில் மழைத்தண்ணீர் தேங்கும்.

*

கோடு போடுவது.

நான் இருக்கிற இலங்கைத்துறை முகத்துவாரம் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர். வெருகல் பிரதேசம். 2004 டிசெம்பரில் கடல் வந்தது, 2006 ஜூலையில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை எங்களை வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. திரும்பி வந்து பிள்ளைகளுக்கு முதலில் செய்து கொடுத்தவற்றில் ஒன்று ஓடுகிறதுக்கு ஒரு கோடு.

நானூறு மீற்றர் ஓடுபாதை என்றால் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர். வளைவின் ஆரை 36.50 மீற்றர். நடுவில் கட்டையை இறுக்கி, நீளாத கயிறு ஒன்றைக் கட்டி, ஒருவர் பிடிக்க மற்றவர் வளைத்துக்கொண்டு போகவேண்டும். சணல் கயிறு ஈரத்தில் சுருங்கும், நைலோன் இழுத்தால் நீளும், ஆகவே கம்பி நல்லது. ஓட்டத்தின் நீளத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளக்கவேண்டும், ஓடுகிறவரின் கால் அங்கேதான் படும் என்று கணக்கு. லேன் ஒன்று 1.22 மீற்றர் அகலம். நானூறு மீற்றர் ஓட்டத்துக்கு இரண்டாம் லேன்காரர் முதலாமவரைவிட 7.04 மீற்றர் முன்னால் நிற்பார், அதற்குப் பிறகு லேனுக்கு லேன் 7.67 கூடும். எட்டாம் லேனுக்கு வரும்போது 53 மீற்றர் முன்னால். பார்க்கிற தாய்மாருக்கு அது அநியாயமாகத் தெரியும், ஏன் அந்தப் பிள்ளையை அவ்வளவு முன்னுக்கு விட்டிருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். உட்காரவைத்து விளங்கப்படுத்தவேண்டும்.

எட்டு லேன் போட 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் உள்ள சமதரை வேண்டும். எங்கள் மணலில் அது இல்லை. இருநூறு மீற்றர் வட்டம்தான் போடலாம். அதில் நானூறு ஓடுகிற பிள்ளை நாலு வளைவு திரும்பவேண்டும், அதுவும் கூரான வளைவு. வேகம் எடுக்கிற நேரத்தில் வளைவு வந்துவிடும். சுண்ணாம்பு மணலில் ஒரு நாள்கூட நிற்காது, காற்று கொண்டுபோய்விடும். கழிவு ஒயிலை ஊற்றிக் கோடு போட்ட காலமும் இருந்தது. வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகளின் பாதம் அன்றைக்கு முழுக்கக் கறுப்பு.

இதைச் சொல்லக் காரணம், முழு அளவு மைதானம் ஒன்று ஒரு மாகாணத்துக்கு என்ன என்று விளங்கவேண்டும் என்பதற்காக. வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலைகளில் பெரும்பாலானவை இருநூறு மீற்றர் வட்டத்தோடு வாழ்கின்றன. நகரத்து விளையாட்டரங்கு ஒன்றில்தான் பிள்ளை முதன்முதலாக அகலமான வளைவில் ஓடிப்பார்க்கும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மக்கெய்சர் மைதானமும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன. வெருகலில் இருந்து நகரத்துக்குப் போக மூதூர் வழியாக எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த "இருக்கின்றன" என்ற சொல்லைப் படிக்கவேண்டும்.

*

இவ்வளவுக்கும் நடுவில் கோலூன்றிப் பாய்தலில் வடக்கு நாட்டுக்கே முன்னால் நின்றதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்புகள் பொய்யாகிவிடும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த ஜெகதீஸ்வரன் அனித்தா பெண்களுக்கான தேசிய சாதனையை முறியடித்து, பிறகு தன் சாதனையைத் தானே திரும்பத் திரும்ப உயர்த்தினார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரன் ஆண்கள் பக்கத்தில் அதையே செய்தார்.

ஏன் கோலூன்றிப் பாய்தல்? என் ஊகம் இது. அதற்கு 177 மீற்றர் தேவையில்லை. நாற்பது மீற்றர் ஓடுவழியும் ஒரு குழியும் மெத்தையும் கோலும் ஒரு பிடிவாதமான பயிற்றுநரும் போதும். மெத்தை இல்லாத இடத்தில் வைக்கோலும் பழைய ஸ்பொஞ்சும். முழு மைதானம் இல்லாத மாகாணம் முழு மைதானம் கேட்காத விளையாட்டில் தலை தூக்கியது. இதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்கிறோம். நானூறு, எண்ணூறு, அஞ்சலோட்டம், தடைதாண்டல் ஆகியவற்றில் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் பெருமையோடு சேர்த்து நினைக்கவேண்டும். திறமை கோலைப் பிடிக்கிறவருக்கு மட்டும் வாய்ப்பதில்லை.

*

துரையப்பா விளையாட்டரங்கு யாழ் மாநகர சபைக்குச் சொந்தம். ஆகவே என் கோரிக்கையும் மாநகர சபைக்கே. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில், ஒரு பலகை. அதில் துரையப்பா யார், எப்படிச் செத்தார். 1997 முதல் 2016 வரை இந்த மைதானம் ஏன் பாவனையில் இல்லை. 1999 ஏப்ரலில் இந்த மண்ணில் என்ன கிடைத்தது. இந்தியா எவ்வளவு கொடுத்தது, அதுவும் இருக்கட்டும், வாங்கியதைச் சொல்வதில் வெட்கமில்லை. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். திறப்பு விழாக் கல்லில் திறந்தவர்களின் பெயர் இருக்கும். இந்தப் பலகையில் திறக்காத வருஷங்கள் இருக்கட்டும்.

*

மண்டைதீவு. 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்தின் வேலையைத் தொடக்கி வைத்தார். பண்ணைப் பாலத்தால் போனால் துரையப்பா மைதானத்திலிருந்து தூரமில்லை. வட்டமான பெரிய மைதானம், மின்விளக்கு, தொலைக்காட்சி. வரட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு சர்வதேச ஆட்டத்தைத் தன் ஊரிலிருந்து பார்ப்பது நல்ல விஷயம்தான்.

ஆனால் பார்க்கிற மைதானம் வேறு, ஓடுகிற மைதானம் வேறு. கிரிக்கெட் மைதானத்துக்குள் ஓடுபாதை போடமாட்டார்கள். அதன் புல்லில் பாடசாலைப் பிள்ளையைக் கால் வைக்கவும் விடமாட்டார்கள், ஆடுகளம் கெட்டுவிடும். மண்டைதீவுக்குப் போகிற கவனமும் காசும் துரையப்பாவின் பின்னேரங்களிலிருந்து கழிக்கப்படக் கூடாது. வடக்கில் அங்கே இங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கையில் கிழக்கையும் யாராவது கேட்கவேண்டும். மூதூரிலிருந்து வெருகல் வரைக்கும் உள்ள கரையோரத்தில், பிள்ளைகள் பஸ் ஏறாமல் நடந்தோ சைக்கிளிலோ வந்து சேரக்கூடிய இடத்தில், எட்டு லேன் போடக்கூடிய ஒரு சமதரை. கூரை வேண்டாம், கதிரை வேண்டாம், 84.39 மீற்றர் நேர்ப்பகுதி இரண்டும் 36.50 ஆரையில் வளைவு இரண்டும் இருந்தால் போதும்.